மேல்வீட்டு இரைச்சல்

"விமானம் கிளம்பிவிட்டதா, இல்லை
இன்னும் ஓடுபாதையில்தான் நிற்கிறதா?"
போர்வைக்குள்ளிருந்து கேட்டான் ஊர்மஸ்.
விடிகாலை நாலு நாற்பதுக்கு
தார்த்துவின் முதல் பேருந்தை எடுக்க வேண்டியவன்.
என் கணினிக்கு ஐந்து விசிறிகள்.
ஐந்துக்கும் தொண்டை.

சனிக்கிழமை பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன்.
பூனை வளர்க்காத வீட்டில்
ஒரு முழுப் பூனைக்கான மயிர்.
இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு
சமையலறைத் தூரிகையால் கூட்டி எடுத்தேன்.
செயலியின் மேல் பழைய பசை
சுண்ணாம்பாய்க் காய்ந்து கிடந்தது.
துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தேன், ஒரு பட்டாணி அளவு.
அது கையில் பட்டால் மூன்று நாள் போகாது,
சட்டையில் பட்டால் சட்டையே போகும்.
இரும்புத் திருகு இருந்த இடத்தில் ரப்பர் முளை.
முன்பக்கத்துப் பொடியன்கள் மூவருக்குப் பதில்
பெரியவை இரண்டு, நிதானமாகச் சுற்றுபவை.
கடைசியாக அந்த வளைகோடு:
அறுபது டிகிரி வரை அறுநூறு சுற்றுதான்,
அதைத் தாண்டினால் மட்டும் குரலை உயர்த்தலாம் என்று
புள்ளி புள்ளியாக இழுத்து வைத்தேன்.
கிராபிக்ஸ் அட்டைக்கு மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.
இரண்டு தடவை திரை கறுத்தது.
மூன்றாம் தடவை நின்றது.

அன்றிரவு ஊர்மஸ் குறட்டை விட்டான்.
அது என் காதில் விழுந்தது என்பதுதான் செய்தி.

ஒரு சத்தம் எழுந்து போனால்
அடுத்தது அந்த நாற்காலியில் உட்காருகிறது.
குளிர்பெட்டி. வெப்பக் குழாயில் தண்ணீர்.
ஜன்னல் இடுக்கில் மைனஸ் பதினெட்டு.
அப்புறம், கூரைக்கு மேலே,
இன்னொரு விசிறி.

இரவு ஒன்றரைக்கு யார் வீடு கூட்டுவார்கள்?

நள்ளிரவுக்கு மேல் எங்கள் வட்டாரத்தில்
போர்க்கப்பல் விடுபவர்கள் முப்பது பேர் தேறமாட்டார்கள்.
வாரத்தில் நாலு நாள்
'கோடாலிமீன்' என்ற பெயர்தான் எனக்கு எதிரே வாய்க்கும்.
நாலு நாளும் மூழ்குவேன்.
அன்று அவன் மூடுபனியிலிருந்து வெளிவரும் முன்
கூரை உறுமியது.
தற்செயல் என்று விட்டேன்.
மறுபடி உறுமியது, என் இடப்பக்கம் வெடித்தது.
மூன்றாவது உறுமலுக்குச் சுக்கானைத் திருப்பினேன்.
குண்டு தண்ணீரில் விழுந்தது.

தவளை தன் வாயால்தான் கெடும்.
ஒன்பது இரவு வென்றேன்.

இது ஏமாற்று வேலையா என்று ஊர்மஸிடம் கேட்டேன்.
"சுவருக்குக் காது இருந்தால்
சுவர் மேல் வழக்குப் போட முடியுமா?"
சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கமே திரும்பிப் படுத்தான்.

பத்தாம் இரவு கூரை வாய் திறக்கவில்லை.
வெளியூர் போயிருப்பான் என்று
மெத்தனமாகத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினேன்.
கோடாலிமீன் பின்பக்கமாக வந்து
ஆறே நிமிடத்தில் என்னை முடித்தான்.

திங்கள் காலை மின்தூக்கியில்
ஆறாம் மாடி மைமு வாரிக்.
பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர்.
ஐந்து வருடமாக "நல்ல குளிர்" என்பதைத் தவிர
நாங்கள் எதுவும் பேசிக்கொண்டதில்லை.
நேர்த்தியான கம்பளிக் கோட்டு.
வலது கைமுனையில் சாம்பல் நிறத்தில்
ஒரு பட்டாணி அளவு பசை.
நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.
கை கோட்டுப் பைக்குள் போனது.
என் விரல் நகத்தை அவரும் பார்த்தாரோ என்னவோ,
நானும் கையுறையை மாட்டிக்கொண்டேன்.
"நல்ல குளிர்," என்றார்.
"பதினெட்டு," என்றேன்.
நாலு மாடி, மூன்று, இரண்டு.
கதவு திறந்ததும் முதலில் போகச் சொல்லிக் கை காட்டினார்.
போனேன், முதுகு கூச.

இப்போதெல்லாம் ஒன்றரை மணிக்கு
இரண்டு வீடும் மூச்சு விடுவதில்லை.
மூடுபனிக்குள் அவர் எங்கே என்று எனக்குத் தெரியாது,
நான் எங்கே என்று அவருக்கும்.
பழையபடி மூழ்குகிறேன், ஆனால்
முன்போல நாலுக்கு நாலு இல்லை.

நேற்று மேலே நாற்காலி ஒரே ஒரு தடவை
கிரீச்சிட்டது.
சுக்கானை இடப்பக்கம் திருப்பினேன்.